நுரையீரலில் ஒரு கணு: ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு

நுரையீரல் கணுவை யாரும் தேடிப் போவதில்லை. வேறு எதற்கோ எடுத்த படத்தில் அது தானாக வந்து நிற்கும். பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றை சிடி ஸ்கேன் செய்தால் நுரையீரலின் அடிப்பகுதியும் சேர்ந்து விழும். இதயக் குழாய் அடைப்புக்கு எடுக்கும் சிடி ஆஞ்சியோவில் இதயத்தைச் சுற்றியிருக்கும் நுரையீரலும் தெரியும். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருத்துவர் கேட்கிற எக்ஸ்ரே, மாஸ்டர் செக்கப் பேக்கேஜ், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் என்று வழிகள் பல. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்காக ஊர் ஊராக நெஞ்சு சிடி எடுத்தோமே, அப்போது பலருக்கு நுரையீரலில் கொரோனா இல்லை, ஒரு புள்ளி இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டுகளில் பல இன்றைக்கும் பீரோவுக்குள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்துக் கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளைகள் மேல்படிப்புக்குப் பிரிட்டன் போவதென்றால், ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்கு டிபி பரிசோதனைச் சான்று வேண்டும். அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே. படத்தில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை. அதில் கல்ச்சர் முடிவு வரவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சேர்க்கைத் தேதியை ஒட்டி எக்ஸ்ரேவுக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் ஆறிப்போன டிபி தழும்புக்கே 'அன்ஃபிட்' போட்டுவிடுவார்கள். அது அந்த நாடுகளின் விசா விதி. உங்கள் உடம்பைப் பற்றிய நோய்த் தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நோயே இல்லாத இருபத்தைந்து வயதுப் பையன் டிபி மாத்திரை விழுங்குவதும் நடக்கிறது.

எவ்வளவு பெரிது?

காற்று நிறைந்த நுரையீரல் சிடி படத்தில் கறுப்பாகத் தெரியும். அதற்கு நடுவே ஏறக்குறைய உருண்டையாக, 3 செ.மீ.க்கு உட்பட்டு வெள்ளையாகத் தெரிவதை ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' என்று எழுதுகிறார்கள். இந்த நூலில் அதைக் கணு என்போம். 3 செ.மீ.யைத் தாண்டினால் 'மாஸ்', அதாவது கட்டி. இரண்டையும் மருத்துவர்கள் அணுகும் விதமே வேறு. வீட்டுக்கு வந்து சொல்லும்போது மட்டும் இரண்டுமே "நுரையீரல்ல கட்டியாம்" ஆகிவிடுகிறது. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

ஆகவே முதலில் அளவைப் பாருங்கள். மி.மீ.யில் போட்டிருக்கும். ஒரு மிளகு நான்கைந்து மி.மீ. இருக்கும், சிடியில் தற்செயலாகத் தெரியும் கணுக்களில் பெரும்பங்கு அந்த அளவுதான், அல்லது அதிலும் சிறியது. 6 மி.மீ.க்குக் குறைந்த கணு புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு, புகைப்பவர்களிடம்கூட, நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 6 முதல் 8 மி.மீ. வரை ஏறக்குறைய அரை முதல் இரண்டு சதவீதம். 10 மி.மீ.யைத் தாண்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நெடுங்காலம் புகைத்தவர்களிடம் நடந்த நெல்சன் ஆய்வில் 10 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்த கணுக்களைக் கொண்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் உறுதியானது. அமெரிக்காவில் கடும் புகைப்பழக்கம் உள்ள 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிடியில் சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கடைசியில் புற்றுநோய் இல்லை என்றானது. அதே ஆய்வுதான், அப்படித் தேடியதால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது என்றும் காட்டியது. முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுவது தப்பு. இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பதறுவதும் தப்பு.

அளவுக்கு அடுத்து கணுவின் தன்மை. 'சாலிட்' என்றால் கெட்டியானது. 'கிரவுண்ட் கிளாஸ்' என்றால் மங்கலானது. பின்னாலிருக்கும் ரத்தக்குழாய் அதனூடே தெரியும். இரண்டும் கலந்தது 'பார்ட் சாலிட்'. மங்கலான கணு பார்வைக்குச் சாதுவாக இருந்தாலும் மறையாமல் நீடித்தால் கவனிக்க வேண்டியது. ஆனால் வளர்ந்தாலும் மிக மெதுவாக வளரும். கலப்புக் கணு நீடித்தால் மூன்றிலும் அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.

பிறகு விளிம்பு. 'ஸ்மூத்' என்றால் வழுவழுப்பானது, பெரும்பாலும் நல்லது. 'ஸ்பிகுலேட்டட்' என்றால் முள்முள்ளாக நீண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சொல் இருந்தால் நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். 'பெரிஃபிஷரல்' என்று இருந்தால் அது நுரையீரல் மடல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளவை ஒட்டிய சிறு நிணநீர்க் கணு. வடிவமும் அதற்கேற்ப இருந்தால் பொதுவாக விட்டுவிடலாம். 'ஹமார்ட்டோமா' என்றால் கொழுப்பும் குருத்தெலும்பும் கலந்த சாதுக் கட்டி.

எக்ஸ்ரேயில் மட்டும் புள்ளி தெரிந்திருந்தால் சிடிக்கு முன் எதையும் நம்ப வேண்டாம். மார்புக் காம்பின் நிழலும், எப்போதோ முறிந்து கூடிய விலா எலும்பும் எக்ஸ்ரேயில் கணுவாக நடிக்கும். மறுபக்கம், ஒரு செ.மீ.க்குக் குறைந்த உண்மையான கணு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம்.

பிரைமரி காம்ப்ளெக்ஸும் பழைய தழும்பும்

உலகின் டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டி அடக்கிவிடும். அந்த வேலிதான் 'கிரானுலோமா'. ஆண்டுகள் போகப் போக அதில் சுண்ணாம்பு படியும். படத்தில் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும். கணு முழுக்கவோ, நட்டநடுவிலோ, வளையம் வளையமாகவோ சுண்ணாம்பு படிந்திருந்தால் அது ஆறிப்போன தழும்பு. மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் 'கால்சிஃபைடு கிரானுலோமா' என்று மட்டும் இருந்து உங்களுக்குத் தொந்தரவும் இல்லையென்றால், இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஓரத்தில் ஒரு பக்கமாக மட்டும் சுண்ணாம்பு இருந்தால் அப்படி விட முடியாது.

தமிழ்நாட்டு வீடுகளில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று கேள்விப்படாதவர்கள் குறைவு. "சின்ன வயசுல சளி, காய்ச்சல், எடையே ஏறல, ஆறு மாசம் சிவப்பு மருந்து குடுத்தாங்க" என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். அது குழந்தைப் பருவத்து டிபி. ஐம்பது வயதில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மருத்துவர் முன் உட்காரும்போது இந்தப் பழைய கதையைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அம்மா இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் தாத்தாவோ அத்தையோ நெடுநாள் இருமி, தாம்பரம் சானடோரியத்திலோ மதுரை தோப்பூர் ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியிலோ இருந்து வந்த கதை உண்டா என்றும் கேளுங்கள். 1928இல் தொடங்கிய தாம்பரம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் ஒரு காலத்தில் வைத்தியம். 1956இல் சென்னையில் ஏற்படுத்தப்பட்ட காசநோய் மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அதன் பிறகு நோயாளி வீட்டோடு இருந்து குணமானார். மருந்து தொடங்கும் முன்பே, கூட இருந்த குழந்தைகளில் சிலர் தெரியாமல் ஒரு தழும்பை வாங்கிக்கொண்டார்கள். இன்று ஸ்கேனில் தெரிவது அதுவாக இருக்கலாம்.

பஞ்சுத் தூசி மேல் பழி போட வேண்டாம்

ராஜபாளையத்தில் நுரையீரல் புள்ளி என்றதும் முதலில் வரும் ஆறுதல் இது: "அண்ணாச்சி, மில்லுல இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். பஞ்சு படிஞ்சிருக்கும்." 1936இல் ராஜபாளையம் மில் நிறுவப்பட்டதிலிருந்து தலைமுறைகளாக நூற்பாலை வேலை பார்த்த ஊர்; சத்திரப்பட்டி பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். அதனால் இந்தப் பேச்சு எளிதில் எடுபடும். ஆனால் தவறு.

பஞ்சுத் தூசி நுரையீரலில் உருண்டையாகப் படிவதில்லை. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருப்பவர்களுக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். வாரம் போகப் போகக் குறையும். இதுதான் பிசினோசிஸ். நாளடைவில் எல்லா நாளும் மூச்சு வாங்கும். இதைக் கண்டுபிடிக்க ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும். சட்டத்தில் இது தொழில்சார் நோயாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் சிடியில் தெரியும் தனிக் கணுவுக்குப் பஞ்சைக் காரணம் சொல்லி ரிப்போர்ட்டை மடித்து வைப்பது, கணுவைக் கவனிக்காமல் விடுவதற்கான சாக்கு. அவ்வளவுதான்.

கல் தூசி வேறு கதை. குவாரி, கிரஷர், பாறையில் கிணறு வெட்டு, போர்வெல் வண்டி, கல் செதுக்கும் வேலை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு சிலிக்கா தூசி நுரையீரலின் மேல்பகுதிகளில், இரண்டு பக்கமும், ஒன்றல்ல, பல சிறு கணுக்களாக வரும். அதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இது டிபி வரும் ஆபத்தையும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தையும் கூட்டும். மருத்துவர் தொழில் கேட்டால் இப்போது பார்க்கும் தொழிலை மட்டும் சொல்லாதீர்கள். இருபது வயதில் மூன்று வருஷம் கிரஷரில் நின்றிருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

புகையிலும் இதே மாதிரி மறைப்பு உண்டு. "சிகரெட் பிடிக்கிறதில்லை" என்பவர் பீடி பிடிப்பார். பீடியும் நுரையீரல் புற்றுநோயைத் தரும். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷம், எப்போது நிறுத்தினீர்கள் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பெண்கள் விறகடுப்பு முன் கழித்த வருஷங்களைச் சொல்ல வேண்டும். புகையே பிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. மேலைநாடுகளை விட ஆசியாவில் அந்தப் பங்கு அதிகம், அதிலும் பெண்களிடம். "நான் பீடி சிகரெட் தொட்டதே இல்லையே" என்பது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

பழைய படம்

கணு நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு மருத்துவர் கையிலுள்ள கருவிகளிலேயே செலவில்லாததும் பலமானதும் உங்கள் பழைய ஸ்கேன்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சிடியில் அதே இடத்தில் அதே அளவில் அந்தக் கெட்டிக் கணு இருந்தது என்று தெரிந்தால், பெரும்பாலும் விஷயம் அன்றைக்கே முடிந்தது. ஊசி வேண்டாம், பெட் ஸ்கேன் வேண்டாம், ஆயிரக்கணக்கில் செலவும் வேண்டாம். அதனால் மதுரைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்னால் பீரோவைத் திறங்கள். கொரோனா காலத்து நெஞ்சு சிடி, கீழ் நுரையீரல் தெரியும் வயிற்று ஸ்கேன், இதய சிடி எதுவானாலும் பயன்படும். படம் தொலைந்திருந்தால் எடுத்த ஸ்கேன் சென்டரில் பெயரும் தேதியும் சொல்லிக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் வைத்திருக்கலாம்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. 'சிறு கணு' என்று எழுதிய தாளைக் கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. ஃபிலிமும் சுமார்தான், ஒரு ஃபிலிமில் சில டஜன் படங்கள்தான் இருக்கும், 5 மி.மீ. கணு இரண்டு படங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். ஃபிலிமை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்க வேண்டியது சிடி தட்டு அல்லது பென் டிரைவில் முழு டைகாம் பதிவு. 1 முதல் 1.5 மி.மீ. மெல்லிய வெட்டுகளாகத் தரச் சொல்லுங்கள். எடுத்த அன்றே கேட்டால் பெரும்பாலும் தயங்காமல் தருவார்கள்.

வளர்ச்சியைக் கணக்கிடுவதில் ஒரு நுணுக்கம். 8 மி.மீ. கணு 10 மி.மீ. ஆனால் கேட்பதற்கு 2 மி.மீ. தானே என்று தோன்றும். உருண்டை என்பதால் அதன் கனஅளவு ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. கெட்டியான புற்றுநோய்க் கணு இப்படி இரட்டிக்கப் பொதுவாக ஒரு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் வரை எடுத்துக்கொள்ளும். அதைவிட வேகமாக, இரண்டு மூன்று வாரத்தில் பெருத்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. இரண்டு வருஷம் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் தழும்பு. அதே சமயம் 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அளப்பவர் கை, மூச்சு அடக்கிய விதம் இரண்டிலுமே அவ்வளவு வித்தியாசம் வரும். 5 மி.மீ. என்றிருந்தது 6 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஸ்கேன் எப்போது

இதற்கு உலகம் முழுக்க அதிகம் பின்பற்றப்படுவது, நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் 2017இல் திருத்திய வழிகாட்டுதல். ஒற்றைக் கெட்டிக் கணுவுக்கு அது சொல்வது இவ்வளவுதான்: 6 மி.மீ.க்குக் கீழே, புகை போன்ற ஆபத்துகள் இல்லாதவருக்கு மறு ஸ்கேனே வேண்டாம். ஆபத்து உள்ளவருக்கு விரும்பினால் 12 மாதத்தில் ஒன்று. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு சிடி, தேவைப்பட்டால் 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. 8 மி.மீ.யைத் தாண்டினால் மூன்றாம் மாதத்தில் சிடி, அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசி வழியே திசு எடுத்தல். 6 மி.மீ.க்கு மேற்பட்ட மங்கலான கணு நீடித்தால் ஐந்து வருஷம் வரை பார்ப்பார்கள்.

இந்த அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது. 35 வயதுக்குக் குறைந்தவர்கள், ஏற்கெனவே வேறு இடத்தில் புற்றுநோய் வந்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதற்கு வெளியே. மார்பகத்திலோ குடலிலோ சிறுநீரகத்திலோ புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு நுரையீரலில் 5 மி.மீ. கணு தெரிந்தால், பழைய சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமே காட்ட வேண்டும். டிபி அதிகமுள்ள ஆசியாவுக்கென்று 2016இல் நிபுணர்கள் கூடித் தனியாக வழிகாட்டுதல் எழுதியதற்குக் காரணம் உண்டு. மேலைநாட்டுக் கணக்குகளை அப்படியே நம் ஊரில் போட்டால் டிபி தழும்புகள் எல்லாம் புற்றுநோய் மாதிரி மதிப்பெண் வாங்கும்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று வீட்டார் நினைக்கிறார்கள். "கட்டின்னு சொல்லிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்புறாரே, என்ன டாக்டர் இவர்" என்று வேறு மருத்துவர் தேடுகிறார்கள். உண்மையில் அந்த மூன்று மாதமும் ஒரு பரிசோதனை. தொற்றாக இருந்தால் அதற்குள் கரைந்துவிடும். ஆனால் இந்தப் பரிசோதனை நீங்கள் திரும்பிப் போனால்தான் முடியும், அங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறோம். இருமல் இல்லை, வலி இல்லை. பங்குனியில் சொன்னதை ஆடிப்பூரத் தேர் முடியட்டும் என்போம், பிறகு தீபாவளி. அடுத்த ஸ்கேன் மாதத்தைச் சுவர் காலண்டரில் எழுதுங்கள், கூடவே மகனிடமோ மகளிடமோ சொல்லி அவர்கள் போனிலும் போடச் சொல்லுங்கள்.

நடுவில் சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ நீடித்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

டிபி மாத்திரைக்கு முன்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகத் தெரிவதற்கு ஒரு பெரிய காரணம், படத்தைப் பார்த்ததுமே டிபி என்று முடிவு செய்து ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுவது. "மொதல்ல டிபிக்குக் குடுத்துப் பாப்போம், கரையலன்னா யோசிப்போம்" என்ற பேச்சு நிதானமானதாகத் தோன்றும். அதற்குள் ஆறு மாதம் போய்விடும். எதிர்த்திசையிலும் நடக்கிறது: டிபியைப் புற்றுநோய் என்று நினைத்து நுரையீரல் மடலையே வெட்டி எடுத்த பிறகு பயாப்ஸியில் டிபி என்று வரும்.

ஆகவே ஆதாரம் கேளுங்கள். சளி வந்தால் சளிப் பரிசோதனை. சிபிநாட், ட்ரூநாட் சோதனைகள் அரசு மருத்துவமனைகள் வழியாக இலவசம். கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்தால் சோதனை நடக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகளிலோ 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ நேரடியாகவும் காட்டலாம். டிபி உறுதியானால் அரசின் டிபி பதிவேடான நிக்ஷயில் பதியச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த சத்துணவு உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

ஒற்றைக் கணு உள்ள பலருக்குச் சளியே வராது. மான்டூ ஊசியும் ரத்தத்தில் பார்க்கும் இக்ரா சோதனையும் கிருமி என்றைக்கோ உள்ளே போனதா என்றுதான் சொல்லும், அந்தக் கணு டிபியா என்று சொல்லாது. அப்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியோ சிடி பார்த்துக்கொண்டே போடும் ஊசியோ தேவைப்படலாம். ஊசி போடப் போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: எடுக்கும் திசு இரண்டு பாட்டிலில் போகிறதா? புற்றுநோய் பார்க்கும் பாட்டிலில் ஃபார்மலின் இருக்கும். அதில் போட்டால் டிபி கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. டிபிக்கு என்று இன்னொரு துண்டு சாதாரண சலைனில் போக வேண்டும். ஒரே பாட்டிலில் போட்டுவிட்டதால், "புற்று இல்லை, டிபியா என்று பார்க்க மறுபடி ஊசி போடணும்" என்று கேட்ட குடும்பங்கள் உண்டு. மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஊசியால் நூற்றில் சுமார் 15 பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசியும். அவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களுக்கே குழாய் போட வேண்டிவரும். சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மதுரையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் பிடிக்கத் திட்டம் போட வேண்டாம். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

பெட் ஸ்கேன் பற்றி மிகையான நம்பிக்கை இருக்கிறது. ஊசியில் ஏற்றும் சர்க்கரைப் பொருளைச் சுறுசுறுப்பான செல்கள் அதிகம் இழுப்பதைப் படம் பிடிப்பதுதான் அது. டிபியும் அதை ஆர்வமாக இழுக்கும். ஆகவே நம் ஊரில் 'பெட் பாசிட்டிவ்' என்பதைப் புற்றுநோய் என்று படிக்கக் கூடாது. 8 மி.மீ.க்குக் குறைந்த கணுவுக்கு அது பெரும்பாலும் பயனில்லை. மங்கலான கணுவும் அதில் தெரியாமல் நழுவும். ரத்தச் சர்க்கரை 200ஐத் தாண்டினால் அன்று எடுக்காமல் திருப்பி அனுப்பலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சோதனை எந்த மருத்துவமனையில் அடங்கும் என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் ஸ்கேனுக்கு முன்பே கேளுங்கள். பில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

மறு ஸ்கேன் அன்று

முடிந்தவரை முதலில் எடுத்த அதே இடத்தில் எடுங்கள். பழைய பதிவைக் கையோடு கொண்டுபோய், ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கொடுங்கள்; கொடுக்காவிட்டால் ஒப்பிடாத ரிப்போர்ட்தான் வரும். கணுவை மட்டும் தொடர்ந்து பார்ப்பதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை, அதனால் பட்டினியும் தேவையில்லை. 'லோ டோஸ்' சிடி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சாதாரண நெஞ்சு சிடியின் கதிர்வீச்சு 6, 7 மில்லிசீவர்ட் என்றால் இது ஒன்றரைக்கு அருகில். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருஷத்தில் இயற்கையாக நம் மேல் படுவதே 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல். கர்ப்பம் இருக்கலாம் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து அடக்கச் சொல்லும்போது நன்றாக அடக்குங்கள்; பாதி மூச்சில் எடுத்த படத்தில் கணு இடம் மாறித் தெரியும், அளவும் மாறும்.

இரண்டு வருஷம் பார்த்தும் கெட்டிக் கணு மாறவில்லை என்றால் அந்தக் கணுவுக்காக இனி ஸ்கேன் வேண்டாம். கடைசி சிடி பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, இருபது வருஷம் தினமும் ஒரு பாக்கெட் என்ற கணக்கில் சிகரெட்டோ அதற்கு ஈடாக பீடியோ பிடித்தவர் வருஷத்துக்கு ஒரு லோ டோஸ் சிடி எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவின் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய புற்றுநோய்கள்தான் இருக்கின்றன, நுரையீரல் இல்லை. ஆகவே அதை நெஞ்சக நோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், புகையை நிறுத்துவதையும் சேர்த்து. மற்றவர்கள், மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் நெஞ்சு சிடி சேர்ந்திருந்தால், அதை எடுத்துவிட்டு மீதிக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.